வயிற்றைச் சுத்தம் செய்யும் ஆயுர்வேத சிகிச்சை: தொடங்கும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

சாப்பிட்டதும் வயிறு உப்புகிறது. புளித்த ஏப்பம் வருகிறது. காலையில் மலம் முழுமையாகப் போவதில்லை. மாத்திரை போட்டால் இரண்டு நாள் நன்றாக இருக்கிறது, பிறகு பழைய கதைதான். இப்படி மாதக்கணக்கில் அவதிப்படுபவரிடம் யாராவது ஒருவர் சொல்வார்: "ஒரு தடவை பேதிக்கு எடுத்து வயிற்றைச் சுத்தம் பண்ணிடுங்க, எல்லாம் சரியாகிடும்."

உடனே விளக்கெண்ணெயையோ சூரணத்தையோ வாங்கிக் குடித்துவிட்டு, ஆயுர்வேத மருத்துவம் செய்துகொண்டதாக நினைக்கிறோம். ஆனால் ஆயுர்வேதம் சொல்லும் பேதி சிகிச்சை இதுவல்ல.

பஞ்சகர்மா என்றால் என்ன?

உடலைச் சுத்திகரிக்க ஆயுர்வேதம் கூறும் ஐந்து முறைகளே பஞ்சகர்மா. வாந்தி எடுக்க வைப்பது வமனம். பேதியாக வைப்பது விரேசனம். ஆசனவாய் வழியாக மருந்து செலுத்துவது வஸ்தி. மூக்கில் மருந்து விடுவது நஸ்யம். ஐந்தாவதாக, இரத்தம் வெளியேற்றுவதைச் சில நூல்கள் சேர்க்கின்றன. வேறு சில நூல்கள் வஸ்தியையே இரண்டாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. நெஞ்செரிச்சல், புளியேப்பம் போன்ற பித்தக் கோளாறுகளுக்கு விரேசனமும், வாயு, மலச்சிக்கலுக்கு வஸ்தியும் பொதுவாகத் தரப்படுகின்றன.

விரேசனம் எப்படி நடக்கிறது?

முதலில் பசியைத் தூண்டும் மருந்துகள் தருவார்கள். அடுத்து 3 முதல் 7 நாட்கள் வரை, காலையில் வெறும் வயிற்றில் மருந்து சேர்த்துக் காய்ச்சிய நெய்யைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுப்பார்கள். பிறகு சில நாட்கள் எண்ணெய் தேய்த்து, நீராவியில் வியர்க்க வைப்பார்கள். அதன் பின்னரே சிவதை வேர், ஆமணக்கெண்ணெய் போன்ற பேதி மருந்து, ஒரே ஒரு நாள்.

பேதி நின்றதும் சிகிச்சை முடிந்துவிடுவதில்லை. நீர்த்த கஞ்சி, கெட்டிக் கஞ்சி, குழைந்த சோறு, பருப்பு என்று படிப்படியாக 3 முதல் 7 நாட்களில் வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்ப வேண்டும். பேதியான மறுநாளே பிரியாணி சாப்பிடுவது சிகிச்சையின் நோக்கத்தையே கெடுத்துவிடும். ஆக மொத்தம் இரண்டு மூன்று வாரம் ஒதுக்க வேண்டும். வெறும் வயிற்றில் மருந்து, இடையில் கஞ்சி என்று போவதால் ரமலான் நோன்பு நாட்களுக்கு இது ஒத்துவராது.

செரிக்காத உணவிலிருந்து உண்டாகும் 'ஆமம்' என்ற கழிவு இதனால் வெளியேறுகிறது என்கிறது ஆயுர்வேதம். நவீன மருத்துவம் இந்தக் கருத்தை ஏற்பதில்லை. இச்சிகிச்சை குறித்துப் பெரிய அளவிலான ஆய்வுகளும் குறைவு. எனவே எல்லா நோயும் தீர்ந்துவிடும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்ப வேண்டாம்.

யாருக்குக் கூடாது?

கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், மெலிந்து பலவீனமான முதியவர்கள், காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ உள்ளவர்கள், இருதய, சிறுநீரக நோயாளிகள் பேதி மருந்தைத் தவிர்க்க வேண்டும். பித்தப்பையில் கல் இருந்தால் நெய் குடிப்பதே கடும் வலியைக் கிளப்பலாம். சர்க்கரை மாத்திரை சாப்பிடும் வாப்பாவோ உம்மாவோ கஞ்சி மட்டும் குடித்தால் சர்க்கரை திடீரென இறங்கிவிடலாம். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு, பேதியில் நீரும் உப்பும் வெளியேறும்போது தலைசுற்றி மயக்கம் வரலாம்.

முதலில் பரிசோதனை

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் பேதி மருந்தைத் தொடாமல் டாக்டரைப் பாருங்கள்:

- மலத்தில் இரத்தம், அல்லது தார் போன்ற கறுத்த மலம்
- காரணமின்றி எடை குறைவது
- இரத்தசோகை
- உணவு விழுங்கச் சிரமம், தொடர் வாந்தி
- 45 வயதுக்கு மேல் மலம் கழிக்கும் வழக்கம் புதிதாக மாறுவது

இவை குடல் புண்ணாகவோ புற்றுநோயாகவோ இருக்கலாம். "சூடுதான், மூலம்தான்" என்று பேதிக்குக் குடித்து ஆறு மாதம் தள்ளிப்போட்டால், ஆரம்பத்திலேயே குணமாக்கியிருக்கக்கூடிய நோய் முற்றிவிடும். தைராய்டு குறைபாடு, சர்க்கரை நோய், இரும்புச்சத்து மாத்திரை, வலி மாத்திரை ஆகியவையும் வயிற்றைக் கெடுக்கும். காரணத்தைச் சரிசெய்யாமல் குடலை மட்டும் கழுவிப் பயனில்லை.

வைத்தியரிடம் கேளுங்கள்

அவர் பி.ஏ.எம்.எஸ். பட்டம் பெற்றுப் பதிவு செய்தவரா என்று பாருங்கள். நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் காட்டுங்கள். தரும் மருந்தில் பாதரசம், ஈயம் போன்ற உலோகங்கள் சேர்ந்துள்ளனவா என்று கேளுங்கள். அரிஷ்டம், ஆசவம் ஆகியவை நொதிக்க வைத்துத் தயாரிக்கப்படுவதால் அவற்றில் ஆல்கஹால் தானாகவே உருவாகியிருக்கும். வேண்டாம் என்று முன்பே சொன்னால் கஷாயம், சூரணம் போன்ற வேறு மருந்து தர முடியுமா என்று பார்ப்பார்.

பரிசோதனையில் பெரிய நோய் எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு, தகுதியான வைத்தியரின் மேற்பார்வையில் விரேசனம் செய்துகொள்வது உங்கள் விருப்பம். ஆனால் இரவு பதினொரு மணிக்குப் பரோட்டா சாப்பிட்டு உடனே படுக்கும் பழக்கம் மாறாவிட்டால், சுத்தம் செய்த வயிறு சில வாரங்களிலேயே பழைய நிலைக்கு வந்துவிடும்.