வயதான வளர்ப்பு அணிலுக்குப் பல்லில் சீழ் வைத்தால் என்ன செய்வது? மெடிக்கல் ஷாப் மாத்திரை ஏன் ஆபத்து?

வேர்க்கடலையை நீட்டினால் ஓடி வந்து இரண்டு கைகளாலும் வாங்கிக்கொள்கிறது. மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்க்கிறது. ஒரு கடி கடிக்கிறது. பிறகு அப்படியே கீழே போட்டுவிடுகிறது. "வயசாயிடுச்சுல்ல, பசி எடுக்கலை போல" என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள்.

பசி இல்லாத அணில் கடலையைக் கையில் வாங்கவே வாங்காது. வாங்கிய பிறகு கீழே போடுகிறது என்றால், பசி இருக்கிறது, கடிக்கத்தான் முடியவில்லை என்று அர்த்தம். வயதான அணில்களுக்கு வரும் பல் தொற்றின் முதல் அறிகுறி பெரும்பாலும் இதுதான். கன்னம் வீங்கிய பிறகு கவனிப்பவர்களே அதிகம். அதற்குள் சில வாரங்கள் ஓடிப்போயிருக்கும்.

மேலூர் பக்கம் பெரியாறு கால்வாய்ப் பாசனத்தில் தென்னந்தோப்புகள் நிறைய. மட்டை வெட்டும்போதோ, ஆடிக் காற்றிலோ கூடு கலைந்து கண் திறக்காத குட்டிகள் கீழே விழும். யாராவது எடுத்து, பஞ்சில் பால் நனைத்துக் கொடுத்து வளர்ப்பார்கள். பெரிதானதும் அது வீட்டைவிட்டுப் போக மறுக்கும். மதுரை வட்டாரத்தில் "எங்க வீட்டு அணில் பிள்ளை" என்று சொல்லப்படும் அணில்களின் கதை பெரும்பாலும் இதேதான். கடையில் வாங்கியவை அல்ல.

தமிழகத்தில் நாம் அதிகம் பார்ப்பது முதுகில் மூன்று வரி உள்ள அணில். வளர்ந்தது சுமார் 100 கிராம் இருக்கும். பராமரிப்பில் ஐந்தரை ஆண்டுகள் வாழ்ந்ததாக ஒரு பதிவு உண்டு. அப்படியானால் நான்கு வயதைத் தாண்டிய அணில் வீட்டில் இருந்தால் அது தாத்தாவோ பாட்டியோதான்.

மஞ்சள் பல் நோயா?

இல்லை. அணிலின் முன்பற்கள் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருப்பதுதான் ஆரோக்கியம். வெளுத்து, சுண்ணாம்பு மாதிரி உதிர ஆரம்பித்தால்தான் கவலைப்பட வேண்டும்.

கொறிக்கும் விலங்குகளுக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு வெட்டுப்பற்கள். இவை சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். எலியின் கீழ் வெட்டுப்பல் ஒரு நாளைக்கு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் வளர்கிறது. வருடக் கணக்கில் பார்த்தால் 15 சென்டிமீட்டரைத் தாண்டும்! மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒன்றோடொன்று உரசித் தேய்வதால்தான் வாய்க்குள் அடங்கியிருக்கிறது. கூண்டுக் கம்பியைக் கடித்தோ, கீழே விழுந்தோ ஒரு பல் கோணிவிட்டால் அந்த உரசல் நின்றுபோகும். பல் வளைந்து வளர்ந்து ஈற்றையோ உதட்டையோ குத்தும். குத்திய இடத்தில் தொற்று.

கடைவாய்ப் பற்கள் விஷயம் வேறு. முயலுக்கும் கினிப்பன்றிக்கும் கடைவாய்ப் பற்களும் வளர்ந்துகொண்டே இருக்கும். அணிலுக்கு அப்படி இல்லை. நம்முடைய நிரந்தரப் பற்களைப் போலத்தான், தேய்ந்தால் தேய்ந்ததுதான். நான்கைந்து வருடம் மென்ற பல் மழுங்கி, ஈறு இறங்கி, இடுக்கில் பிஸ்கட் துணுக்கு தங்கி, அங்கிருந்து சீழ் ஆரம்பிக்கிறது. ஆகவே முயலுக்கான பல் பராமரிப்பு வீடியோவைப் பார்த்து அணிலுக்குச் செய்ய முடியாது.

வேரில்தான் உண்மையான சிக்கல். மேல் வெட்டுப்பல்லின் வேர் மூக்குத் துவாரத்தை ஒட்டி உள்ளே போகிறது. கீழ்ப் பல்லின் வேர் கடைவாய்ப் பற்களுக்கு அடியில் தாடை நெடுக ஓடுகிறது. பல் நோய் மூக்கில் தெரிவது இதனால்தான். ஓயாத தும்மல், ஒரு பக்கம் மட்டும் மூக்கு ஒழுகுவது, ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிவது. "சளி பிடிச்சிருக்கு" என்று கஷாயம் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அணில்கள் மூக்கால் மட்டுமே சரியாக மூச்சுவிடக்கூடியவை. வேர் உருக்குலைந்து மூக்கை அடைத்தால் அது பல் பிரச்னை என்ற கட்டத்தைத் தாண்டி உயிர்ப் பிரச்னை ஆகிவிடும். அணில் குடும்பத்தைச் சேர்ந்த பிரெய்ரி நாய்களில் இது மருத்துவர்களுக்கு நன்றாகவே பழக்கமான நோய்.

இவை தவிர, தாடைக்குக் கீழே முடி ஈரமாக ஒட்டியிருப்பது, ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து மெல்லுவது, கெட்டியான கடலையை விட்டுவிட்டுப் பழத்தை மட்டும் நக்குவது, புழுக்கை சின்னதாகிப் போவது எல்லாமே கவனிக்க வேண்டியவை. கீழ் வெட்டுப்பற்கள் இரண்டும் லேசாக விலகி விலகிச் சேர்வதைப் பார்த்து மட்டும் தாடை உடைந்துவிட்டது என்று பதற வேண்டாம். அணிலுக்குக் கீழ்த் தாடையின் இரு பாதிகளும் இறுக ஒட்டியிருக்காது, கொஞ்சம் அசையும்.

500 மி.கி. மாத்திரையில் 500ல் ஒரு பங்கு

நமக்குப் பல் வலி வந்தால் தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் அமாக்ஸிசிலினும் ஒரு வலி மாத்திரையும் வாங்கிப் போட்டுக்கொள்வது பழக்கமாகிவிட்டது. அதையே "கொஞ்சூண்டு" கிள்ளி அணிலுக்கும் கொடுக்கிறார்கள். நல்லெண்ணத்தில் நடக்கும் இந்தக் காரியம்தான் அணிலுக்கு மிகப் பெரிய ஆபத்து.

கணக்கைப் பாருங்கள். ஒரு மருந்தின் அளவு கிலோ எடைக்கு 10 மி.கி. என்று வைத்துக்கொள்வோம். 100 கிராம் அணிலுக்கு வேண்டியது 1 மி.கி. கையில் இருப்பதோ 500 மி.கி. மாத்திரை. அதை 500 பங்காக நகத்தால் கிள்ள யாரால் முடியும்? கண்ணுக்குத் தெரிகிற ஒரு துணுக்கு என்றாலே பல மடங்கு ஓவர்டோஸ்.

போதாக்குறைக்கு, கொறிக்கும் விலங்குகளால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது உள்ளேதான். அமாக்ஸிசிலின், கிளிண்டாமைசின் போன்றவை வாய்வழியாகப் போனால் கினிப்பன்றி, ஹாம்ஸ்டர் போன்றவற்றின் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்கள் அழிந்து, நச்சு உண்டாக்கும் பாக்டீரியா பெருகி, பேதியில் செத்துப்போகும். அணிலின் குடல் அந்த அளவுக்கு மென்மையானது அல்ல, சில மருத்துவர்கள் பார்த்துக் கொடுப்பதும் உண்டு. ஆனால் அது எடை போட்டு, நீர்மருந்தாகக் கலந்து, புழுக்கையைக் கவனித்துக்கொண்டே கொடுப்பது.

யூடியூபில் கிடைக்கும் அணில் வைத்தியம் பெரும்பாலும் அமெரிக்காவின் சாம்பல் அணிலுக்கானது. அது அரைக் கிலோ இருக்கும், நம்ம ஊர் அணிலைப்போல் ஐந்து மடங்கு. அதற்குச் சொன்ன சொட்டுக் கணக்கை இங்கே எடுக்கவே கூடாது.

இன்னொரு வீட்டு வைத்தியம் நகவெட்டி. நீண்டு வளர்ந்த முன்பல்லை நகவெட்டியால் நறுக்கினால் பல் நீளவாக்கில் பிளந்துகொள்ளும். பிளவு வழியே பல் கூழ் வரைக்கும் கிருமி இறங்கும். இல்லாத சீழை நாமே வரவழைத்த கதை. மருத்துவர்கள் இதைச் சின்ன டிரில்லால் ராவிச் சரிசெய்வார்கள். கோணல் பல் என்றால் சில வாரங்களுக்கு ஒருமுறை திரும்பவும் ராவ வேண்டியிருக்கும்.

மருத்துவர் என்ன செய்வார்?

முதலில் பல்லைத் தொட மாட்டார். ஒரு நாளாகச் சாப்பிடாத 100 கிராம் உயிரின் உடம்பு குளிர்ந்திருக்கும், நீர் வற்றியிருக்கும். கதகதப்பு, தோலுக்கடியில் நீர், வலிக்கு மருந்து. வலி குறைந்தாலே பல அணில்கள் தானாக நக்கிச் சாப்பிட ஆரம்பித்துவிடும்.

அடுத்தது எக்ஸ்ரே. அணிலின் வாய் கொஞ்சம்தான் திறக்கும். கடைவாய்ப் பல்லை விழித்திருக்கும் அணிலிடம் பார்ப்பது நடக்காத காரியம். ஆகவே ஐசோஃப்ளூரேன் போன்ற மயக்க வாயுவைச் சின்ன மாஸ்க் வழியாகக் கொடுப்பார்கள். மனிதர்களுக்கு ஆபரேஷன் என்றால் முதல் நாள் இரவே பட்டினி. அணிலுக்கு அந்த விதி கிடையாது. வாந்தி வராது என்பதால் தேவையும் இல்லை, பட்டினி போட்டால் சர்க்கரை இறங்கி மயக்கத்திலேயே போய்விடும். "ராத்திரி ஒண்ணும் கொடுக்காதீங்க" என்று யாராவது சொன்னால், ஏன் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

சீழ்க்கட்டி இருந்தால் ஊசியால் குத்தி எடுத்துவிடலாம் என்று தோன்றும். சிறு விலங்குகளின் சீழ் பெரும்பாலும் நம்முடையதுபோல் தண்ணீராக வடிவதில்லை, பசைபோல் கெட்டியாக இருக்கும். கீறி, சுரண்டி, காரணமான பல்லை எடுத்து, புண்ணைத் திறந்தே வைத்துத் தினமும் கழுவ வேண்டும். பல்லை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் கீறினால் அதே இடத்தில் மறுபடி வரும். என்ரோஃப்ளாக்ஸசின், மெட்ரோனிடசோல், டாக்ஸிசைக்ளின் போன்ற பெயர்கள் சீட்டில் இருக்கலாம். வாரக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும், வீக்கம் வடிந்ததும் நிறுத்திவிடக் கூடாது. ஊசி கழற்றிய 1 மி.லி. சிரிஞ்சில், வாயின் ஓரமாக, சொட்டுச் சொட்டாகத்தான் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டு அழுத்தினால் நுரையீரலுக்குப் போய்விடும்.

எங்கே போவது? சட்டம் என்ன சொல்கிறது?

மேலூர் மாதிரி ஊர்களில் மாட்டாஸ்பத்திரிக்கு வருவது மாடு, ஆடு, நாய், மஞ்சுவிரட்டுக் காளை. அணிலைத் தூக்கிக்கொண்டு போனால் வரிசையில் நிற்பவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். ஆனாலும் கதகதப்பு, நீர், வலி மருந்து என்ற முதலுதவி அங்கேயே கிடைக்கக்கூடும். மேல் சிகிச்சைக்கு அரை மணி நேரம் முதல் ஒரு மணி நேரத்தில் மதுரை. கிளம்பும் முன் போன் செய்து, "முயல், ஹாம்ஸ்டர் மாதிரி சின்ன விலங்குக்கு மயக்க வாயு வெச்சுப் பண்ணுவீங்களா?" என்று கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் அடுத்த இடம். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள் தேனி வீரபாண்டியிலும் திருநெல்வேலியிலும் இருக்கின்றன. சென்னை வேப்பேரியில் உள்ளது 1903ல் தொடங்கிய பழம்பெரும் கல்லூரி.

பலர் போகாமல் தயங்குவதற்குத் தூரம் காரணமல்ல, பயம்தான். "அணில் வளர்க்கிறது தப்பாமே, பிடிச்சுட்டுப் போயிட்டா?" 2024 அக்டோபர் 30 அன்று நியூயார்க்கில் நடந்தது இந்தப் பயத்தை உலகம் முழுக்கப் பரப்பியது. ஏழு வருடம் வீட்டில் வளர்ந்த, இன்ஸ்டாகிராமில் பிரபலமான 'பீநட்' என்ற அணிலை அதிகாரிகள் எடுத்துச் சென்று, ரேபிஸ் பரிசோதனைக்காகக் கொன்றார்கள். ரேபிஸ் இல்லை என்று முடிவு வந்தது.

இங்கே 1972ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஐந்து வரி அணிலின் பெயர் அதன் பழைய நான்காவது அட்டவணையிலேயே இருந்தது. 2022ல் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் புதிய அட்டவணைகள் நடைமுறையில் இருக்கின்றன. காட்டு விலங்கு கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிடமோ தெரிவிக்க வேண்டும் என்கிறது பிரிவு 39. முதுகு வரியை எண்ணித் தப்பிக்கப் பார்ப்பதைவிட, குட்டியை எடுத்த அன்றே வனத்துறைக்குச் சொல்லிவிடுவதுதான் சரி. பிழைக்க வைத்துத் திரும்ப மரத்தில் விட முடிந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை.

ஆனால் ஏற்கெனவே ஐந்து வருடம் வளர்ந்து, வாயில் சீழோடு இருக்கும் அணில்? அதை மருத்துவரிடம் "ரோட்டில் கிடந்தது" என்று சொல்லி நீட்டுவதால் லாபம் ஒன்றுமில்லை. வயது என்ன, எத்தனை வருடம் பிஸ்கட் தின்றது, எப்போதிலிருந்து கடலையைப் போடுகிறது என்ற விவரங்கள் இல்லாமல் நோயைக் கண்டுபிடிப்பது கடினம்.

கையாளும்போது கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். அணில் கடிக்கு ரேபிஸ் தடுப்பூசி அரிதாகத்தான் தேவைப்படும் என்பதே இந்திய வழிகாட்டுதல். டெட்டனஸ் ஊசி பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

பாலும் பிஸ்கட்டும்

100 கிராம் வேர்க்கடலையில் கால்சியம் சுமார் 90 மி.கி. பாஸ்பரஸ் அதைப்போல் நான்கு மடங்கு. சூரியகாந்தி விதையும் இதே ரகம். உணவில் பாஸ்பரஸ் எகிறி, கூண்டில் வெயிலும் படாமல் போனால், உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவிக்கொள்ளும். தாடை மெலிந்து பல் ஆடும். கடலை எப்போதாவது ஒன்று போதும். கொய்யாக் குச்சி, காய்கறித் துண்டு, பெட் கடைகளில் கிடைக்கும் கடல் நுரை, காலை வெயில் ஆகியவை பல்லுக்கு நல்லது. பல் போன கிழ அணிலுக்கு எல்லாவற்றையும் மசித்துக் கொடுக்கலாம்.

வாரம் ஒருமுறை சமையலறை டிஜிட்டல் தராசில் எடை பாருங்கள். 10 கிராம் குறைந்தால் நமக்கு ஒன்றுமில்லை, அணிலுக்கு அது உடம்பில் பத்தில் ஒரு பங்கு. கடலையைக் கீழே போடுவதற்கு முன்பே தராசு காட்டிக்கொடுத்துவிடும்.

சிலவற்றுக்கு ஆபரேஷன் தாங்காது. வலி மருந்தும் மசித்த உணவுமாக இன்னும் சில வாரங்களோ மாதங்களோ ஓட்டலாம், அதுவும் ஒரு சிகிச்சைதான். மூச்சுத் திணறி, ஊட்டினாலும் விழுங்காத நிலை வந்தால் மருத்துவரே கருணைக்கொலை பற்றிப் பேச்செடுப்பார். "வீட்டிலேயே தானா போகட்டும்" என்று திரும்பத் தூக்கி வந்தால், அது பட்டினியில் ஒன்றிரண்டு நாள் கிடந்துதான் போகும். ஊசிக்கு முன் மயக்க வாயு கொடுப்பார்களா என்று கேட்டுக்கொள்ளலாம். கொடுத்தால், தூங்கிய பிறகுதான் ஊசி.