மூட்டை உரமா, தொழு எருவா? – கடற்கரைச் சங்கத்தில் எழுந்த ஒரு வினா



ஜெகதாப்பட்டினம் என்ற பெயரைக் கேட்டவுடன் விசைப்படகும் வலையும் இறாலும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆயினும் கடற்கரையை விட்டு மேற்கே சிறிது தூரம் சென்றால், கண்மாய் நீரையும் வடகிழக்குப் பருவமழையையும் நம்பி நெல் பயிரிடும் குடியானவர்களைக் காணலாம். மணல் கலந்த நிலம். கோடையில் உவர்ப்பேறும் கிணற்று நீர். மழை தவறினால் கடன். இதுவே இவ்வட்டாரத்தின் வேளாண்மை.

அண்மையில் தணிக்கையின் பொருட்டு இப்பகுதிச் சங்கமொன்றுக்கு நாம் சென்றிருந்தபோது, மாமனும் மருமகனுமான அங்கத்தினர் இருவர் நம் முன்னிலையிலேயே வாதிடத் தொடங்கினர். “ஐயா, யூரியா போடாத வயலில் கதிர் எங்கிருந்து வரும்? ஊர் வயிறு காயும்” என்றார் மூத்தவர். “மாமா சொல்வது விளைச்சலை. நான் சொல்வது மண்ணை. இரண்டு வயல் மண்ணையும் கையில் எடுத்துப் பாருங்கள் ஐயா” என்றார் இளையவர். பிறகு அவர் நம்மை நோக்கி ஒரு வினா விடுத்தார்: “பயிர்க்கடனில் ஒரு பகுதியை உர மூட்டையாகத் தருகிறார்கள். எனக்கு அம்மூட்டை வேண்டாம். அந்தப் பகுதியை நான் என்ன செய்வது?”

அப்பொழுது நமக்கு உடனே விடை கூற இயலவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஊர் திரும்பிய பின்னர் இதைப்பற்றி ஆராய்ந்து கண்டவற்றை அங்கத்தினர்களின் முன் வைக்கிறோம்.

முதற்கண், மூட்டை உரம் வந்த காரணத்தை மறத்தல் கூடாது. நாட்டில் உணவுப் பஞ்சம் நிலவிய காலத்தில், 1960-இல் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்ற மாவட்டங்களுள் தஞ்சையும் ஒன்று. 1965-இல் ஆடுதுறை 27 என்னும் நெல்லும், 1966-இல் ஐ.ஆர். 8 என்னும் குட்டை ரகமும் வெளிவந்தன. பழைய நெட்டை ரகங்களுக்கு மிகுதியாகத் தழைச்சத்து இட்டால் பயிர் சாய்ந்துவிடும். குட்டை ரகமோ சாயாமல் அதனை மணியாக்கிக் கொடுத்தது. அன்று பசி தீர்த்த பொருளை இன்று வெறும் நஞ்சென்று பழிப்பது நன்றியாகாது.

இனி கணக்குக்கு வருவோம். 45 கிலோ யூரியா மூட்டையொன்றில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து உண்டு. அதாவது ஏறத்தாழ 20.7 கிலோ. அரசு மானியத்தால் அதன் விலை ரூ. 266.50. நல்ல தொழு எருவில் தழைச்சத்து நூற்றுக்கு அரைப் பங்களவே. ஆகவே அதே 20 கிலோவைத் தொழு எருவாக இட வேண்டுமாயின் 4 டன் எரு தேவை. தலையில் சுமக்கும் ஒரு மூட்டை எங்கே, வண்டி வண்டியாய் அடிக்கும் 4 டன் எங்கே! வீட்டுக்கு வீடு மாடு குறைந்துபோன இந்நாளில் உழவர் மூட்டையை நாடுவதில் வியப்பில்லை.

ஆயினும் இக்கணக்கு முழுக் கணக்கன்று. எரு தழைச்சத்தை மட்டும் தருவதில்லை. மணிச்சத்து, சாம்பல் சத்து, நுண்சத்துக்கள் ஆகியவற்றையும் தருகிறது. மணலில் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. நம் கடற்கரை மணலில் யூரியாவின் கணிசமான பகுதி நீரோடு கீழிறங்கி வீணாகிறது. ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, ஏறத்தாழ 45 நாளில் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால், எருவண்டி இல்லாமலே வயலுக்குத் தழைச்சத்து சேரும். தக்கைப்பூண்டு ஓரளவு உவரையும் தாங்கி வளரும் பயிராதலின் இவ்வட்டாரத்துக்குப் பொருத்தமானது.

சோதனைகள் கூறுவது யாது? இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்னுமிடத்தில் 1843 முதல் ஒரே வயலில் ஒரு பாத்திக்குத் தொழு எருவும் மற்றொன்றுக்கு ரசாயன உரமும் இட்டுக் கோதுமை பயிரிட்டு வருகின்றனர். நெடுங்காலம் இரண்டின் விளைச்சலும் ஏறத்தாழ ஒத்தே இருந்தன. ஆனால் எருவிட்ட மண்ணில் மக்குச் சத்து இரு மடங்குக்கு மேல் பெருகிற்று. அங்கு இடும் எருவோ ஆண்டுதோறும் ஹெக்டேருக்கு 35 டன். நம் கோயம்புத்தூரிலும் 1909 முதல் இத்தகைய நிரந்தர உரச் சோதனை நடந்து வருகிறது. உலகெங்கும் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் வெளியான அறிக்கையொன்று, இயற்கைச் சாகுபடியின் விளைச்சல் சூழ்நிலைக்கேற்ப நூற்றுக்கு 5 முதல் 34 பங்கு வரை குறைகிறது என்று கண்டது. ஆகவே மாமன் கூறியதிலும் உண்மை உண்டு; மருமகன் கூறியதிலும் உண்மை உண்டு.

அவசரத்தின் விலையை அறிய நாம் வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. நம் கடலுக்கு எதிர்க்கரையில் உள்ள இலங்கையில், 2021 ஏப்ரலில் அறிவிப்புச் செய்து, மே மாதத்திலேயே ரசாயன உர இறக்குமதியைத் தடுத்தனர். எரு ஆயத்தமாக இல்லை. உழவருக்குப் பயிற்சியும் இல்லை. நெல் விளைச்சல் வீழ்ந்தது, தேயிலையும் நலிந்தது, நவம்பரில் தடையை நீக்க நேர்ந்தது. மாறாக, சிக்கிம் மாநிலம் 2003-இல் தொடங்கிப் படிப்படியாக உரத்தைக் குறைத்து, 2016 ஜனவரியில்தான் முழு இயற்கை வேளாண் மாநிலமென அறிவிக்கப்பெற்றது. அங்கும் இடர்கள் உண்டு. ஆயினும் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டதை நாம் கவனித்தல் வேண்டும்.

நம் பக்கத்திலேயே வழிகாட்டிகளும் இருந்தனர். கோ. நம்மாழ்வார் கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் பணியாற்றியவர். மானாவாரி உழவனுக்கு வெளியிடுபொருட் செலவு கட்டுபடியாகாது என்று கண்டு, அப்பணியைத் துறந்து, 2013 டிசம்பரில் மறையும் வரை ஊர் ஊராகச் சென்று இயற்கை வேளாண்மையை எடுத்துரைத்தார். திருத்துறைப்பூண்டி ‘நெல்’ ஜெயராமன் பாரம்பரிய விதைநெல் 2 கிலோ கொடுத்து, மறு ஆண்டு 4 கிலோவாகத் திரும்பப் பெறும் முறையைக் கையாண்டார். இதுவும் ஒரு கூட்டுறவு வங்கியே அல்லவா? அங்கே முதலும் விதை, வட்டியும் விதை!

இனி நம் சங்கங்களுக்குரிய கேள்வி. ஓர் எடுத்துக்காட்டு கொள்வோம். ஏக்கருக்கு 20 மூட்டை விளைந்த வயலில் மாற்றத்தின் முதலாண்டில் 15 மூட்டையே விளைகிறது என்க. மூட்டை ரூ. 1,000 என்றால் இழப்பு ரூ. 5,000. உரமும் மருந்தும் வாங்காமையால் ரூ. 3,000 மிஞ்சினாலும், ரூ. 2,000 பள்ளம் விழுகிறது. ‘இயற்கை விளைபொருள்’ என்ற சான்றுக்கோ, ஓராண்டுப் பயிர்களுக்கு இரண்டு ஆண்டு மாற்றக்காலம் உண்டு. அதுவரை கூடுதல் விலை கிட்டுவது அரிது. இழப்பு முதலில் வருகிறது. ஆதாயம் பின்னர் வருகிறது. கடன் தவணையோ அறுவடையோடு வந்து நிற்கிறது. தவணை தவறினால் வட்டிச் சலுகையும் போய்விடும். இயற்கை வேளாண்மையைக் கைவிட்டவர்களிற் பலர் பூச்சிக்குத் தோற்றவரல்லர்; இந்தப் பள்ளத்துக்கே தோற்றவர்கள்.

ஆகவே நாம் கூறும் யோசனைகள் இவை. முழு நிலத்தையும் ஒரே பருவத்தில் மாற்றற்க. கால் பங்கில் தொடங்குக. முதலில் மண்ணைச் சோதிக்க. கடனின் பொருட்பகுதியாக, விரும்பும் அங்கத்தினருக்குத் தக்கைப்பூண்டு விதை, வேப்பம் பிண்ணாக்கு, அசோஸ்பைரில்லம் போன்ற உயிர் உரங்கள் ஆகியவற்றை வழங்க இயலுமாவென்று சங்க நிர்வாகக் குழு மேலதிகாரிகளுக்கு எழுதிக் கேட்க. ஐந்து பேருக்குக் குறையாத உழவர்கள் குழுவாகச் சேர்ந்தால் பங்கேற்பு உத்தரவாதச் சான்று பெறலாம். தனியொருவருக்கு ஆகும் செலவு அதில் இல்லை. ஜெகதாப்பட்டினத் துறைமுகத்தில் கழிக்கப்படும் மீன் கழிவைச் சம எடை வெல்லத்துடன் ஊறவைத்து மீன் அமிலம் செய்யலாம். ஆனால் அது இலைவழித் தெளிப்பாகும் துணை உரமே; அடியுரத்துக்கு ஈடென்று எவரேனும் விற்றால் நம்பற்க.

நெசவாளர் அன்பர்கள் இதனைத் தமக்குப் புறம்பான பேச்சென்று கருதலாகாது. இயற்கைப் பருத்தி நூலுக்கும் இதே சிக்கல்தான். பருத்தி உழவர் மாற்றக்காலத்தைக் கடந்தாலன்றி நூல் வராது. நூலுக்கு முன்கூட்டியே விலை பேசும் நெசவாளர் சங்கம் இருந்தாலன்றி உழவர் துணியமாட்டார்.

மீண்டும் அச்சங்கத்துக்குச் சென்றபோது மாமனிடமும் மருமகனிடமும் ஒன்றே ஒன்று வேண்டினோம். அடுத்தடுத்துள்ள இருவர் வயலிலும் கால் ஏக்கர் வீதம் ஒதுக்கி, செலவு, வேலையாள், விளைச்சல், விலை ஆகிய நான்கையும் மூன்று ஆண்டு ஒரே நோட்டில் எழுதி வருமாறு கேட்டோம். “தோற்றால் யார் பணம்?” என்றார் மூத்தவர். வினா நியாயமானதே. அதனைத் தனியொருவர் தலையில் விடாமல் பலர் தோளில் பகிர்வதற்கன்றோ சங்கம் ஏற்பட்டது! இருவரும் இசைந்தனர். நோட்டைச் சங்கச் செயலாளரே வைத்துக்கொள்வதாக ஏற்றார். உங்கள் ஊரிலும் இத்தகைய நோட்டு ஒன்று தொடங்குமாயின், வாதம் குறையும், அறிவு பெருகும்.