தாய்ப்பூனையும் குட்டிகளும்

பூனையைப் பூசை என்றும், காட்டுப்பூனையை வெருகு என்றும் பழந்தமிழர் வழங்கினர். வெருகின் இளமையைக் குட்டி என்றும் பறழ் என்றும் கூறலாமெனத் தொல்காப்பிய மரபியல் விதிக்கின்றது. பெயரறிந்தோம்; பேணுமுறை அறிந்தோமில்லை.

வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலையில், மார்கழிப் பனி மூடிய ஒரு காலை, எம் வீட்டு விறகுக் கொட்டிலில் நான்கு குட்டிகள் கத்தக் கேட்டேன். தாயைக் காணாமையால், கண் திறவாத ஒன்றை எடுத்துப் பசும்பால் புகட்டினேன். அன்றிரவே அது மாண்டது. எஞ்சிய மூன்றையும் தாய் கவ்வி வேறிடம் கொண்டுசென்றது.

குட்டிகள் கைவிடப்பட்டன என்று துணியுமுன், சில மணிநேரம் தொலைவில் மறைந்து நோக்குதல் வேண்டும். இரைதேடச் சென்ற தாய் பெரும்பாலும் மீளும். ஆள் அருகில் நிற்பின் அணுகாது. மீளாதாயின், முதற்கண் குட்டிகளுக்கு வெம்மையூட்டுக. குளிர்ந்த உடலிற் பால் செரியாது. பசும்பாலும் ஒவ்வாது; பூனைக்குட்டிகளுக்கென ஆக்கிய பாலையே கால்நடை மருத்துவரைக் கேட்டு அளித்தல் நன்று.

தாய் உடனிருப்பின், உணவும் நீரும் வைத்து விலகுக. ஏறத்தாழ 8 வாரத்திற் குட்டிகள் பால்மறக்கும். பூனையின் சூற்காலமோ 9 வாரமே; பாலூட்டும்போதே மீண்டும் சூல்கொள்ளவும் கூடும். ஆகலின், பால்மறந்தபின் தாய்க்குக் கருத்தடை அறுவை செய்வித்தல் இன்றியமையாதது. நாமக்கல்லில் 1985ஆம் ஆண்டில் தோன்றிய கால்நடை மருத்துவக் கல்லூரி உளதாகலின், மலைவாழ்நர் அறிவுரை பெறுதல் அரிதன்று. சாக்கிலிட்டுக் காட்டில் விடுதல் தீர்வன்று. இளையன மடியும், பிழைப்பன பறவைகளைக் கொல்லும்.

ஒரு திங்கள் கழித்து, அம்மூன்று குட்டிகளும் தாயின் பின்னே வேலியோரம் செல்லக் கண்டேன். அன்று யான் சிறிது பொறுத்திருந்தால், நான்காவதும் உடன் சென்றிருக்கும்.