600 மி.மீ. லென்ஸுக்குள் எவ்வளவு வெளிச்சம்?

கேமராக் கடையின் கண்ணாடி அலமாரியில் இரண்டு லென்ஸ்கள். இரண்டிலும் 600 மி.மீ. என்று எழுதியிருக்கிறது. ஒன்று 2 கிலோவுக்கு முன்பின் இருக்கும்; ஒரு லட்ச ரூபாய்க்குக் கொஞ்சம் கூடக்குறைய வாங்கிவிடலாம். இன்னொன்று 3 கிலோ. விலை பத்து லட்சத்தைத் தாண்டும். பறவையை இரண்டும் ஒரே அளவு பெரிதாகத்தான் காட்டும். பிறகு எதற்கு அந்தப் பத்து மடங்கு விலை? காட்டுயிர்களையோ விளையாட்டையோ படமெடுக்க டெலிஃபோட்டோ லென்ஸ் தேடுகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. பெரும்பாலும் "எத்தனை மி.மீ.?" என்பதோடு விசாரிப்பு முடிந்துவிடுகிறது.

அந்த மி.மீ. குவியத் தூரத்தைக் குறிக்கிறது. ஒரு பொருளின் பிம்பம் சென்சாரில் எவ்வளவு பெரிதாக விழும் என்பதை அது சொல்லும். பொருளின் உயரத்தைக் குவியத் தூரத்தால் பெருக்கி, பொருள் இருக்கும் தொலைவால் வகுத்தால் விடை வந்துவிடும். வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்று, 50 மீட்டருக்கு அப்பால் மரத்தில் இருக்கும் மஞ்சள்மூக்கு நாரையைப் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். நாரை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம். 600 மி.மீ. லென்ஸில் அதன் பிம்பம் 12 மி.மீ. ஃபுல் ஃபிரேம் சென்சாரின் உயரம் 24 மி.மீ. என்பதால் படத்தின் உயரத்தில் பாதியை நாரை பிடித்துக்கொள்ளும். 300 மி.மீ. லென்ஸில் கால்வாசி. அதே தொலைவில் 16 சென்டிமீட்டர் நீளமுள்ள சின்ன மீன்கொத்தி உட்கார்ந்திருந்தால், 600 மி.மீ. லென்ஸிலும் பிம்பம் 2 மி.மீ. தேறாது.

விலையின் ரகசியம் லென்ஸில் எழுதியிருக்கும் இரண்டாவது எண்ணில் இருக்கிறது. எஃப்/4, எஃப்/6.3 என்பவை வகுத்தல் கணக்குகள். குவியத் தூரத்தை அந்த எண்ணால் வகுத்தால் ஒளி நுழையும் வாயின் விட்டம் கிடைக்கும். 600 மி.மீ. எஃப்/6.3 என்றால் விட்டம் 95 மி.மீ. 600 மி.மீ. எஃப்/4 என்றால் 150 மி.மீ. விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்துப் பரப்பு கூடும். ஆகவே பெரிய லென்ஸ் இரண்டரை மடங்கு ஒளியை வாங்குகிறது. கொட்டும் மழையில் அண்டாவையும் குடத்தையும் வைத்தால் எது அதிகம் பிடிக்கும் என்பதை வாயின் அகலம்தான் தீர்மானிக்கும். நாரையின் மேல் பட்டுவரும் ஒளிக்கும் அதே கணக்குத்தான்.

இந்த விட்டத்தை வைத்துப் பார்த்தால் லென்ஸ் பட்டியலே வேறு மாதிரி தெரியும். 400 மி.மீ. எஃப்/2.8 லென்ஸுக்கு 143 மி.மீ. 300 மி.மீ. எஃப்/2.8க்கு 107. 500 மி.மீ. எஃப்/5.6க்கு 89. கேனான் 2020இல் கொண்டுவந்த 800 மி.மீ. எஃப்/11 லென்ஸுக்கு 73தான். கல்யாண வீடுகளில் எல்லாரும் தூக்கிக்கொண்டு அலையும் 70-200 எஃப்/2.8 லென்ஸுக்கு 71! ஒரே இடத்தில் நின்று ஒரே நாரையைக் குறிவைத்தால், இந்தக் கடைசி இரண்டும் அந்த நாரையிடமிருந்து வாங்கும் ஒளி ஏறக்குறைய ஒன்றே. 800 மி.மீ. லென்ஸ் அதைப் பெரிய பரப்பில் விரித்துப் போடுகிறது. விரிக்க விரிக்க வெளிச்சம் மெலிகிறது. டெலிகன்வெர்ட்டர் செய்வதும் இதையேதான். 400 எஃப்/2.8க்குப் பின்னால் 2 மடங்கு கன்வெர்ட்டரைச் செருகினால் அது 800 எஃப்/5.6 ஆகும், விட்டம் அதே 143. லென்ஸின் குறைகளும் சேர்ந்து பெரிதாகும் என்பதால் நல்ல லென்ஸோடுதான் கன்வெர்ட்டர் ஒத்துப்போகும். மலிவான ஜூம் லென்ஸில் அதை மாட்டுவதைவிட வீட்டுக்கு வந்து படத்தை வெட்டிக்கொள்வது மேல்.

இவ்வளவு ஒளி எதற்கு என்பது வேடந்தாங்கலில் சாயங்காலம் நின்றால் விளங்கும். இரைதேடப் போன பறவைகள் திரும்பும் நேரமும் வெளிச்சம் நிமிஷத்துக்கு நிமிஷம் இறங்கும் நேரமும் ஒன்று. விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் நாரை குறுக்கே பறக்கிறது என்று கொள்வோம். ஷட்டர் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு திறந்திருந்தால் அதற்குள் அது ஒரு சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 50 மீட்டரில், 600 மி.மீ. லென்ஸில், சென்சாரின் மேல் அது 0.12 மி.மீ.; 24 மெகாபிக்சல் கேமராவில் 20 பிக்சல். கேமராவைப் பறவையோடு சேர்த்துத் திருப்பினால் உடல் தெளிவாக வரும். சிறகு நுனியின் வேகம் தனி; அது கலைந்துதான் போகும். ஷட்டரை இரண்டாயிரத்தில் ஒன்று, மூவாயிரத்தில் ஒன்று என்று வேகப்படுத்தினால் ஒளி போதாது. லென்ஸில் இருக்கும் அதிர்வுத் தடுப்பு இங்கே உதவாது. எஸ்.எல்.ஆர். கேமராவுக்கான அத்தகைய முதல் லென்ஸை 1995இல் கேனான் விற்பனைக்கு விட்டது. கையில் பிடித்து எடுக்கிறவருக்கு அது பெரிய வரம்தான். ஆனால் நம் கை நடுக்கத்தை அடக்குமே தவிர, பறவையை நிறுத்தி வைக்காது.

சேப்பாக்கத்தில் மின்னொளி ஆட்டம் என்றால் நெருக்கடி இன்னும் கூடும். மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் வரும் பந்து ஆயிரத்தில் ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர் போய்விடும். பந்தின் குறுக்களவே 7 சென்டிமீட்டர் சொச்சம்தான். மட்டையில் படும் கணத்தில் பந்து உருண்டையாகத் தெரிய வேண்டுமென்றால் நாலாயிரத்தில் ஒன்று தேவைப்படும். எஃப்/2.8 லென்ஸில் ஐ.எஸ்.ஓ. 1600 வைத்து எடுக்க முடிகிற காட்சிக்கு எஃப்/6.3 லென்ஸில் 8000 வைக்க வேண்டும். படம் கிடைக்கும், முகத்தில் இருக்க வேண்டிய நுணுக்கம் புள்ளிப் புள்ளியாகச் சிதறியிருக்கும். எல்லைக் கோட்டருகே உட்கார்ந்திருக்கும் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் மோனோபாடில் அந்தக் கனத்த 400 எஃப்/2.8ஐ ஏற்றி வைத்திருப்பது இதனால்தான். கபடிக்கும் பாட்மின்டனுக்கும் அவ்வளவு நீளம் வேண்டாம். உள்ளரங்கில் ஆட்டம் பக்கத்திலேயே நடக்கிறது, 70-200 எஃப்/2.8 போதும்.

வாயை அகலமாக்கினால் தொல்லையும் சேர்ந்தே வருகிறது. நீலத்தையும் சிவப்பையும் கண்ணாடி ஒரே அளவு வளைப்பதில்லை. குவியத் தூரம் கூடக் கூட இரண்டும் வெவ்வேறு இடத்தில் குவிவது அப்பட்டமாகத் தெரியும்: வெள்ளைக் கொக்கின் இறகு ஓரத்தில் ஊதாவோ பச்சையோ கோடு இழுக்கும். இதைக் குறைக்க கால்சியம் ஃபுளோரைடு படிகம் உதவுகிறது. 19ஆம் நூற்றாண்டிலேயே நுண்ணோக்கிகளில் பயன்பட்ட பொருள் அது. ஆனால் பெரிய லென்ஸ் கடைகிற அளவுக்குக் குறையில்லாத படிகம் இயற்கையில் கிடைப்பது அரிது. கேனான் அதை உலையில் செயற்கையாக வளர்த்து, 1969இல் 300 மி.மீ. எஃப்/5.6 லென்ஸில் வைத்தது. வெப்பத்தில் கண்ணாடியைவிட அதிகம் விரியும் படிகம் என்பதால் வெயில் சூட்டைத் தடுக்க வேண்டியிருந்தது. மைதானத்தில் நாம் பார்க்கும் பெரிய லென்ஸ்களின் வெள்ளைப் பூச்சுக்கு இதுதான் காரணம்.

டெலிஃபோட்டோ அமைப்பு பழையது. முன்னால் குவிக்கும் தொகுதி, பின்னால் விரிக்கும் தொகுதி. இந்த ஏற்பாட்டால் லென்ஸின் உடல் அதன் குவியத் தூரத்தைவிடக் குட்டையாகும். 1891இல் லண்டனில் தாமஸ் டால்மேயரும் ஜெர்மனியில் அடோல்ஃப் மீதேயும் தனித்தனியே இதைக் கேமராவுக்குக் கொண்டுவந்தார்கள். எடை குறைந்த கதை அதைவிட வியப்பானது. கேனானின் 600 மி.மீ. எஃப்/4 லென்ஸ் 1999இல் 5.36 கிலோ. 2018இல் வந்த மூன்றாம் பதிப்பு 3.05 கிலோ. முன் கண்ணாடியின் விட்டத்தைக் குறைக்க வழியில்லை. அதை அடுத்திருந்த கண்ணாடிகளைக் கேமராப் பக்கம் தள்ளி வைத்தார்கள். ஒளிக்கற்றை குறுகியிருக்கும் இடத்தில் சின்னக் கண்ணாடியே போதும். நிக்கான் வேறு வழியில் போனது. கலங்கரை விளக்கத்துக்காக ஃபிரெனெல் வகுத்த வளைய லென்ஸின் வழியில், மிக நுண்ணிய வளையங்கள் பொறித்த கண்ணாடியை உள்ளே வைத்தது. அந்த வளையங்கள் நிறங்களைக் கண்ணாடிக்கு நேர் எதிராகப் பிரிப்பதால் ஒன்றின் குறையை மற்றது அடைத்துவிடுகிறது. அப்படி 2018இல் வந்த 500 மி.மீ. எஃப்/5.6 லென்ஸ் ஒன்றரைக் கிலோகூட இல்லை. நாள் முழுக்க நடந்து பறவை பார்க்கிறவருக்கு இந்த ரகத்தைத்தான் நான் சிபாரிசு செய்வேன். தோளில் தொங்காத லென்ஸால் படம் எடுக்க முடியாது.

அகலத் திறந்த பெரிய லென்ஸில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 600 மி.மீ. எஃப்/4ஐ வைத்து 10 மீட்டரில் இருக்கும் பாம்புத்தாராவை எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் 7 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். அது நம்மை நேராகப் பார்த்தால் கண் துல்லியமாக இருக்கும், அலகின் நுனி மங்கிவிடும். பின்னணி கரைந்து அழகாக வருவதற்கும் அலகு தொலைந்துபோவதற்கும் காரணம் ஒன்றுதான். பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருக்கத் தெரிந்தவருக்கு இரண்டும் கிடைக்கும்.

எத்தனை லட்சம் கொடுத்தாலும் லென்ஸால் வெல்ல முடியாத ஒன்று இருக்கிறது: காற்று. கோடியக்கரையில் உச்சிவெயிலில் 200 மீட்டருக்கு அப்பால் நிற்கும் வெளிமானைப் பெரிய லென்ஸில் பாருங்கள். அதன் கொம்பின் முறுக்கு நீரில் தெரிவதுபோல் நெளியும். சுட்ட தரையிலிருந்து எழும் வெப்பக் காற்றும் மேலே இருக்கும் காற்றும் ஒளியை வெவ்வேறாக வளைக்கின்றன. வானியலாளர்கள் தொலைநோக்கியை மலையுச்சிக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு இதுவும் ஒரு காரணம். நம் சிக்கல் இன்னும் மோசம். நாம் பார்ப்பது தரையை ஒட்டிய காற்றின் ஊடே. இதனால் "ஃபோகஸ் சரியில்லை" என்று லென்ஸைச் சர்வீசுக்குக் கொடுப்பவர்கள் உண்டு. ஏ.சி. ஓடும் காரின் ஜன்னலை இறக்கி எடுத்தாலும் குளிரும் சூடும் கலக்கும் காற்று படத்தைக் கெடுக்கும். விடியற்காலையில் போவதும், தொலைவைக் குறைப்பதும்தான் வழி. 20 மீட்டரில் 600 மி.மீ. தருவதைவிட 10 மீட்டரில் 400 மி.மீ. பெரிய பிம்பத்தைத் தரும். இடையில் இருக்கும் காற்றும் பாதிதான்.

நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையில் எடுத்த யானைப் படங்களைப் பார்க்கும்போது எனக்கு இது உறுதிப்படும். ஆட்டோஃபோகஸ் இல்லை, அதிர்வுத் தடுப்பு இல்லை. நடந்தும், வளர்ப்பு யானை மீதேறியும் அந்த விலங்குகளின் அருகே போனார். விலங்கின் போக்கு தெரிந்தவருக்கு அதன் அருகில் எவ்வளவு நேரம், எவ்வளவு தூரத்தில் இருக்கலாம் என்பதும் தெரியும். கூடு கட்டிய பறவைக்கு இது பொருந்தாது. அங்கே தள்ளி நிற்பதுதான் முறை; நீண்ட லென்ஸ் அதற்காகவே வேண்டும்.

முதல் லென்ஸ் வாங்குகிறவர் பகல் வெளிச்சத்தில் பறவைகளை எடுக்கப்போகிறார் என்றால் சிக்மா, டாம்ரான், நிக்கான், சோனி என்று எந்த நிறுவனமானாலும் 600 வரை போகும் எஃப்/6.3 ஜூம் ஒன்று தாராளமாகப் போதும். முதுமலையின் நிழலுக்கும் அந்திக்கும் எஃப்/11 லென்ஸ்களை நான் சொல்ல மாட்டேன். திறந்தவெளி வெயிலில் அவை நல்ல லென்ஸ்கள்தான். பெரிய பிரைம் லென்ஸ் வாங்கும் முன் இரண்டு நாள் வாடகைக்கு எடுத்துச் சுமந்து பார்த்துவிடுங்கள். செகண்ட் ஹேண்ட் என்றால் கடற்கரை ஊர்களில் ஒரு சோதனையைத் தவற விடவே கூடாது. இரு மூடிகளையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி நூல் போல மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. கண்ணாடியின் பூச்சை அரித்துவிடும். தூசி இருந்தால் பரவாயில்லை, பூஞ்சை இருந்தால் விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம். வாங்கிய லென்ஸைத் தோல் பைக்குள் பூட்டி வைக்காமல், சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஜெல் ஈரம் குடித்து நிறம் மாறியதும் உலர்த்திப் போடுங்கள்.