800 மீட்டரில் மனதை எங்கே வைப்பது?

"அண்ணே, விடாமதான் ஓடுறேன். டைம் குறையவே மாட்டேங்குது. ஓடுறப்ப மனசு நிக்க மாட்டேங்குது."

காவலர் வேலைக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பினாலே காரைக்கால் பகுதியில் எங்கள் சுரக்குடிப் பக்கத்துச் சாலைகளில் விடியற்காலையில் பிள்ளைகள் ஓடத் தொடங்கிவிடுகிறார்கள். ஓடி முடித்து, வேர்வை அடங்க டீக்கடை பெஞ்சில் உட்காரும்போது அவர்களில் யாராவது இதைக் கேட்பார்கள். "மனசை ஒருமுகப்படுத்து தம்பி" என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் எதன்மேல் ஒருமுகப்படுத்துவது என்று சொல்லாவிட்டால் அந்தப் புத்திமதியால் ஒரு வினாடிகூடக் குறையாது. டீ ஆறுவதற்குள் முடிகிற விஷயமில்லை இது, கொஞ்சம் பொறுமையாகவே பார்ப்போம்.

முதலில் கணக்கு. புதுச்சேரி காவலர் தேர்வின் உடற்தகுதிச் சுற்றில் ('பிசிக்கல்') ஆண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் உண்டு. அண்மை ஆண்டுத் தேர்வில் அதற்கு வைத்த எல்லை 2 நிமிடம் 50 வினாடி. (எந்தத் தேர்வுக்குப் போனாலும் அந்தந்த முறை வருகிற அறிவிக்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) ஆக 170 வினாடி. 400 மீட்டர் தடத்தில் இரண்டு ரவுண்டு, ரவுண்டுக்கு 85 வினாடி, 200 மீட்டருக்கு 42 அல்லது 43 வினாடி. மைதானத்தில் நடப்பதோ வேறு. விசில் ஊதியதும் கூட்டத்தோடு கூட்டமாகப் பாய்ந்து முதல் 200 மீட்டரை 35 வினாடியில் முடித்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் உடம்புக்கு எதுவும் தெரியாது, நன்றாக ஓடுகிறோம் என்றே தோன்றும். 500 மீட்டர் வாக்கில்தான் அதன் கடன் திரும்பி வருகிறது. மூச்சால் கொண்டுவர முடிகிற ஆக்சிஜனைத் தாண்டி வேகம் கேட்டால், தசை ஆக்சிஜன் இல்லாமலேயே சர்க்கரையை எரிக்கிறது. அப்போது தசைக்குள் அமிலத்தன்மை ஏறி, சுருங்கும் சக்தி குறைகிறது. பிள்ளைகள் "கால் கட்டிக்கிச்சு" என்பது அதைத்தான்.

கால் கட்டிக்கொண்ட பிறகு மனம் எங்கே போகும்? வலி இருக்கிற இடத்துக்குத்தான் போகும். "நின்னுடலாமா" என்ற ஒரே நினைப்பு மட்டும் மிச்சமாகும். அதைத்தான் அந்தப் பையன் மனசு நிக்க மாட்டேங்குது என்கிறான். அவன் கவனம் தவறியது 600-வது மீட்டரில் இல்லை, முதல் 100 மீட்டரிலேயே தவறிவிட்டது.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் கென்யாவின் டேவிட் ருடிஷா 800 மீட்டரை 1 நிமிடம் 40.91 வினாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். முதல் ரவுண்டு 49.28 வினாடி, இரண்டாவது 51.63. தொடக்கம் முதல் கடைசி வரை முன்னால் ஒருவரும் இல்லாமல், தானே முன்னணியில் ஓடிய ஓட்டம் அது. உலகத்திலேயே வேகமான அந்த ஓட்டத்தில்கூட இரண்டு ரவுண்டுக்கும் நடுவே வித்தியாசம் இரண்டரை வினாடிக்குள்தான். நம் பிள்ளைகளில் பலருக்கு அது 20 வினாடி, 30 வினாடி. அவரைப் போல வேகம் நமக்கு வராது. ஆனால் அவரைப் போலப் பங்கிட்டு ஓட யாராலும் முடியும். 84, 86 என்று பிரித்துக்கொண்டால் போதும், தேர்வு முடிந்தது.

இதற்கு மனம் செய்ய வேண்டிய வேலை ஒவ்வொரு 200 மீட்டருக்கும் வேறு. முதல் 200-ல் ஒரே வேலை, வேகத்தை அடக்குவது. பக்கத்தில் நாலு பேர் முந்திப் போனாலும் தோள் தளர்வாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். இரண்டாவது 200-ல் நேரம்: 400-ஐக் கடக்கும்போது கடிகாரத்தில் என்ன இருக்கிறது? மூன்றாவது 200-தான் எல்லோரையும் கவிழ்க்கிற இடம். அங்கே கவனத்தை உள்ளே திருப்பாமல் வெளியே கட்டிப்போட வேண்டும், முன்னால் ஓடுகிறவர் பனியன் முதுகில், அவரும் இல்லையென்றால் அடுத்த வளைவில். கடைசி 200-ல் கையை வீச வேண்டும். கை வேகமாக வீசினால் கால் கூடவே வரும்.

மூச்சைக் கவனிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. யோகாசனம் பழகியவர்களுக்கு அது இயல்பாகத் தோன்றும். ஜெர்மனியில் லிண்டா ஷூக்கர் என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் 2009-ல் பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களை டிரெட்மில்லில் ஒரே வேகத்தில் ஓடவிட்டுச் சோதித்தார்கள். சுற்றுப்புறத்தைக் கவனித்து ஓடியபோது ஆக்சிஜன் குறைவாகச் செலவானது. மூச்சையோ கால் அசைவையோ கவனித்து ஓடியபோது அதே வேகத்துக்கு அதிகமாகச் செலவானது. தானாக நடக்கிற வேலையில் நாம் கை வைத்தால் அதன் ஒழுங்கு கெடுகிறது. அதற்காக உடம்பை மறந்துவிட்டு ஓடலாம் என்றும் இல்லை. 1970-களில் அமெரிக்காவில் வில்லியம் மார்கன், மைக்கேல் பொலாக் இருவரும் முன்னணி மாரத்தான் வீரர்களிடம் பேசிப் பார்த்தபோது, அவர்கள் பாட்டையோ வீட்டையோ நினைத்துக்கொண்டு ஓடவில்லை, உடம்பு சொல்வதை அவ்வப்போது கேட்டு வேகத்தைக் கூட்டிக் குறைத்தார்கள் என்று தெரிந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: உடம்பை எட்டிப் பார்க்கலாம், அதிகாரம் செய்யக் கூடாது.

அடுத்து நீளம் தாண்டுதல். அதே தேர்வில் 3.80 மீட்டர். இதில் நம் ஊர்ப் பயிற்சியில் நடக்கிற ஒரு தவறைச் சொல்லியே ஆக வேண்டும். "முட்டியை மடக்கு, இடுப்பைத் தூக்கு, காலை நீட்டு" என்று ஆளுக்கு ஒன்றாகக் கத்துவோம். ஓடிவருகிறவன் மூன்றையும் நினைத்துக்கொண்டு வந்து பலகையில் தடுமாறுவான். அமெரிக்காவில் ஜாரெட் போர்ட்டரும் அவருடன் இருந்தவர்களும் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், நின்ற இடத்திலிருந்து தாண்டச் சொல்லி இரண்டு குழுக்களை ஒப்பிட்டார்கள். முழங்காலை வேகமாக நீட்டுவதில் கவனம் வை என்று ஒரு குழுவுக்கும், தொடக்கக் கோட்டிலிருந்து முடிந்தவரை தூரம் போவதில் கவனம் வை என்று இன்னொரு குழுவுக்கும் சொன்னார்கள். இரண்டாவது குழு சராசரியாகச் சுமார் 10 சென்டிமீட்டர் அதிகம் தாண்டியது. மாற்றியது ஒரே ஒரு வாக்கியத்தை மட்டுமே. 3.75-ல் நிற்கிற பையனுக்கு 10 சென்டிமீட்டர் என்றால் அது வேலைக்கும் வேலையின்மைக்கும் நடுவில் இருக்கிற தூரம்.

இதை முதலில் தெளிவாக எடுத்துக்காட்டியவர் கேப்ரியேலே வூல்ஃப் என்ற ஆய்வாளர். 1998-ல் தொடங்கி அவர் செய்த ஆய்வுகள் பல விளையாட்டுகளிலும் அதையே சொல்கின்றன: கற்றுக்கொண்ட அசைவைச் செய்யும்போது கவனம் கைகால்களில் இருப்பதைவிட, அவை போய்ச் சேர வேண்டிய இடத்தில் இருப்பது நல்லது. வரிசை நடவு செய்கிறவர்களுக்கு இது புதிதாக இராது. அவர்கள் கண் விரலைப் பார்ப்பதில்லை, கயிற்றைப் பார்க்கிறது, நாற்று நேராக விழுகிறது.

பக்கத்து மாவட்டமான திருவாரூர்க்காரர் பிரவீன் சித்திரவேல் 2023 மே மாதம் ஹவானாவில் மும்முறைத் தாண்டுதலில் 17.37 மீட்டர் தாண்டி இந்திய சாதனை படைத்தார். 17.30 என்ற பழைய சாதனையைத் தாண்டிய தூரம் 7 சென்டிமீட்டர். தாண்டுகிற பலகையின் அகலம் 20 சென்டிமீட்டர். முழு வேகத்தில் ஓடிவந்து, குனிந்து பார்க்காமல், அந்த 20 சென்டிமீட்டருக்குள் கால் விழ வேண்டும். அதற்காகவே இந்த வீரர்கள் ஓட்டத்தை அடியடியாக அளந்து, ஓடுபாதை ஓரத்தில் ஓர் அடையாளம் வைத்துக்கொள்கிறார்கள். கால் எங்கே விழும் என்ற கவலையை அந்த அடையாளத்திடம் ஒப்படைத்துவிட்டால் மனம் தாண்டுவதற்கு மட்டும் மிச்சமிருக்கும். நம் பிள்ளைகளும் இதைச் செய்யலாம், ஒரு செங்கல் துண்டு போதும்.

ஜிம்முக்குப் போகிறவர்களுக்கு இந்த விதி கொஞ்சம் மாறும். தசை பெருக்க வேண்டும் என்பதே நோக்கமானால், தசையின் மேலேயே கவனம் வைப்பதில் பலன் இருக்கிறது. பிராட் ஷோன்ஃபெல்டு குழு 2018-ல் வெளியிட்ட ஆய்வில், எடைப் பயிற்சி பழகாத கல்லூரி இளைஞர்கள் 30 பேர் 8 வாரம் பயிற்சி செய்தார்கள். கை மடக்கும்போது தசை இறுகுவதை நினைத்தவர்களுக்கு அந்தத் தசை 12.4 சதவீதம் தடித்தது, எடை மேலே போவதை நினைத்தவர்களுக்கு 6.9 சதவீதம். ஆனால் தொடைத் தசையில் அப்படிப்பட்ட தெளிவான வித்தியாசம் வரவில்லை. எடை கூடக் கூட இந்த வித்தையும் மங்குகிறது: ஒருவர் தூக்கக்கூடிய அதிகபட்ச எடையில் 60 சதவீதம் வரை நெஞ்சுத் தசையை நினைத்தே கூடுதலாக வேலை வாங்க முடிந்தது, 80 சதவீதத்தில் முடியவில்லை என்று 2016-ல் கலாதாயூத் குழு கண்டது. கனமான எடையில் உடம்புக்கு எல்லாத் தசையும் தேவைப்படுகிறது. அப்போது எடை போக வேண்டிய இடத்தை நினைப்பதே சரி.

கனமான எடை என்றதும் வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் நினைவுக்கு வருகிறார். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் 149, 179 என மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார், 2018 கோல்ட் கோஸ்டிலும் தங்கம். பளுதூக்கும் போட்டியில் பெயரைக் கூப்பிட்ட பிறகு ஒருவருக்குக் கிடைப்பது ஒரு நிமிடம், தொடர்ந்து அவரே தூக்குவதானால் இரண்டு நிமிடம். அதற்குள் எடை தரையை விட்டுக் கிளம்பியாக வேண்டும். கையில் மெக்னீசியம் கார்பனேட் தூள் பூசுவது, கம்பியைப் பிடிப்பது, மூச்சை இழுப்பது எல்லாம் வீரர்கள் ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில் செய்வது அந்த நிமிடத்தைக் கையாளத்தான். செட்டுக்கும் செட்டுக்கும் நடுவே செல்போனை எடுக்கிற இளைஞர்கள் இழப்பது இந்த வரிசையைத்தான். இரண்டு நிமிட ஓய்வு ஆறு நிமிடமாகும், உடம்பு ஆறிவிடும், அடுத்த செட் முதல் செட்டாகிவிடும்.

போனின் கேடு பயிற்சிக்கு முன்பே தொடங்கிவிடுவதாக நான் நினைக்கிறேன். 2009-ல் சாமுவேல் மார்கோரா குழு 16 பேரை 90 நிமிடம் மூளையைக் கசக்கும் கணினி வேலை ஒன்றைச் செய்யவைத்து, பிறகு சைக்கிள் மிதிக்கவிட்டது. இன்னொரு நாள் அதே ஆட்கள் சும்மா ஆவணப்படம் பார்த்துவிட்டு மிதித்தார்கள். படம் பார்த்த நாளில் சராசரியாக 754 வினாடி தாங்கினார்கள், மூளை களைத்த நாளில் 640. இதயமும் நுரையீரலும் இரண்டு நாளும் ஒரே மாதிரிதான் வேலை செய்தன, பளு மட்டும் கூடுதலாகத் தெரிந்தது. ரீல்ஸ் பார்ப்பதை வைத்துச் செய்த சோதனை இல்லை இது. என்றாலும் இரவு ஒரு மணி வரை திரையைத் தள்ளிக்கொண்டிருந்துவிட்டு ஐந்து மணிக்கு ஓட வருகிற பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வருவதில்லை.

நம் காற்றின் ஈரத்தையும் கணக்கில் எடுங்கள். கடல் பக்கத்தில் வேர்வை வழியும், ஆனால் உலராது, உலராத வேர்வை உடம்பைக் குளிர்விக்காது. புழுக்கமான நாளில் இரண்டு மூன்று வினாடி கூடினால் அதை மனத்தின் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பயிற்சிக்கு வருவதே நின்றுபோகிறது என்பவர்களுக்கு ஒன்று. 2002-ல் இங்கிலாந்தில் சாரா மில்னும் மற்றவர்களும் 248 மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். உடற்பயிற்சியின் நன்மையைப் படித்துத் தெரிந்துகொண்ட குழுவும், அதைப் படிக்காத குழுவும் ஏறக்குறைய ஒன்றே, 35 முதல் 38 சதவீதம் பேர்தான் அடுத்த வாரம் பயிற்சி செய்தார்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்று எழுதிவைத்த குழுவில் 91 சதவீதம். அதனால் "நாளையிலிருந்து ஓடுவேன்" என்று சொல்லாதீர்கள், இடத்தையும் நேரத்தையும் எழுதுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வீட்டுக்குள் செய்வது என்ன என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள், தண்டாலும் பஸ்கியும் திண்ணையிலேயே எடுக்கலாம்.

சாலையில் ஓடும்போது காதில் ஹெட்ஃபோன் மட்டும் வேண்டாம். சனிக்கிழமைகளில் திருநள்ளாற்றுக்கு விடியும் முன்பே வண்டிகள் வந்துகொண்டிருக்கும். பெண் பிள்ளைகளின் நிலைமை இன்னும் கடினம். பின்னால் வரும் வண்டிச் சத்தத்திலும் இருட்டிலும் அவர்கள் கவனத்தில் பாதி போய்விடுகிறது, மிச்சப் பாதியை வைத்துக்கொண்டுதான் அவர்கள் ஓடுகிறார்கள். மனத்தை நிறுத்தச் சொல்கிற நாம் அதற்கு ஓர் இடத்தை அமைத்துக் கொடுக்க வேண்டாமா? ஊர்ப் பெரியவர்களிடமும் பள்ளி நிர்வாகங்களிடமும் நான் கேட்பது இவ்வளவுதான்: விடியற்காலை ஐந்து முதல் ஏழு வரை பள்ளி மைதானத்தின் கதவைத் திறந்து, ஒரு விளக்கைப் போட்டுவிடுங்கள். டேப் பிடித்து அளந்து, ஒவ்வொரு 200 மீட்டருக்கும் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுக் கொடுங்கள்.