தோசைக்கல்லும் வெந்நீர்த் தவலையும்

மத்தியானம் இரண்டு மணி. குயிலாப்பாளையத்துச் செம்மண் மேட்டில் நின்று வியர்வையைத் துடைத்துக் கொண்டிருக்கிறீர்கள். முந்திரி இலை ஒன்றுகூட அசையவில்லை. திடீரென்று கிழக்கேயிருந்து ஜிலுஜிலுவென்று ஒரு காற்று! "அப்பாடா, கடல் காற்று வந்துவிட்டது!" என்று பெருமூச்சு விடுகிறீர்கள். அது ஏன் காலையில் வராமல் உச்சி வெயிலுக்குப் பிறகு வருகிறது என்று என்றைக்காவது யோசித்ததுண்டா?

பதில் உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. தோசைக்கல்லை அடுப்பில் வைத்தால் சட்டென்று காய்ந்துவிடும்; இறக்கினால் சீக்கிரமே ஆறியும் விடும். வெந்நீர்த் தவலையோ காய்வதற்குள் நம் பொறுமையைச் சோதித்துவிடும். ஆனால் காய்ந்துவிட்டால் நெடுநேரம் சூடு தாங்கும். தரைதான் தோசைக்கல், கடலும் பெரிய ஏரியும் தவலை. வெயில் ஏற ஏறத் தரையின் மேலுள்ள காற்று சூடேறி மேலே எழும்புகிறது. அந்த இடத்துக்குத் தண்ணீர்ப் பக்கத்துக் குளிர்ந்த காற்று ஓடி வருகிறது. அவ்வளவுதான் சமாசாரம்.

இதே தவலை அமெரிக்காவில் செய்யும் கூத்தைக் கேளுங்கள். ஈரி என்ற மாபெரும் ஏரியின் கிழக்கு முனையில் பஃபலோ நகரம் இருக்கிறது. கோடையில் வாங்கிய சூட்டை ஏரி நவம்பரிலும் விடுவதில்லை. அதன்மேல் வரும் கடுங்குளிர் காற்று நீராவியை அள்ளிக்கொண்டு, கரை ஏறியதும் பனியாகக் கொட்டிவிடுகிறது. 2022 நவம்பரில் பஃபலோவை அடுத்த ஆர்ச்சர்ட் பார்க்கில் ஆறடிக்கு மேல் பனி! ஏரி உறைந்துவிட்டாலோ, தவலைக்கு மூடி போட்ட மாதிரி இந்தப் பனியும் குறைந்துவிடும்.

நமக்குப் பனி இல்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழை அதற்கு ஒன்றுவிட்ட சகோதரிதான். வடகிழக்குக் காற்று வங்காள விரிகுடாவில் ஈரத்தை வாரிக்கொண்டு நம் கரையில் இறக்குகிறது. 2024 நவம்பர் 30-ல் கரை தொட்ட ஃபெஞ்சல் புயல், புதுச்சேரி அருகே நகர மனமில்லாமல் நின்றது. ஒரே நாளில் புதுச்சேரியில் சுமார் 48 செ.மீ. மழை!

குயிலாப்பாளையத்திலிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள். அங்கே வெயிலும் காற்றும்தான் முதலாளிகள். பாத்தியில் கட்டிய உவர்நீரை அவை உறிஞ்சினால்தான் உப்பு பூக்கும். சித்திரையில் தப்பி ஒரு மழை பெய்தால் நாம் "ஆகா, குளிர்ச்சி!" என்கிறோம், அங்கே விளைந்த உப்பு கரைந்து, பாத்தியைத் திரும்பவும் மிதித்துச் சீராக்க வேண்டும். மழைக்காலம் முழுவதும் வாரும் வேலையும் இல்லை, கூலியும் இல்லை.

பக்கத்திலேயே கழுவெளி ஏரி இருக்கிறதே, அது மழையைக் கொண்டு வராதா என்று கேட்பீர்கள். பாவம், பரப்பு பெரிதே தவிர ஆழம் கிடையாது. கோடையில் பெரும்பகுதி வறண்டுவிடும். கரையோரத்தைச் சற்றுக் குளிர்விக்கலாம், அவ்வளவே. ஆனாலும் 2021-ல் அது பறவைகள் சரணாலயமாயிற்று. 2024-ல் ராம்சார் பட்டியலிலும் இடம் பிடித்தது. மழை ஓய்ந்ததும் எங்கெங்கிருந்தோ பறவைகள் அங்கே வந்து இறங்குகின்றன.

அந்த வேளையில்தான் பக்கத்து உப்பளத்தில், தேங்கிய மழைத் தண்ணீரை இறைத்துவிட்டுப் பாத்தி கட்டத் தொடங்குவார்கள்.