தொழிலுக்கு லேப்டாப் வாங்குகிறீர்களா? முதலில் பில்லைப் பேசுங்கள்

சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழைய லேப்டாப்புக்கு விலை பேசி முடித்ததும் பல கடைகளில் அடுத்து வருகிற கேள்வி இது: "பில் வேணுமா சார்? பில்லு போட்டா பதினெட்டு பர்சென்ட் கூட ஆகும்." வாங்க வந்தவர் மனக்கணக்குப் போடுகிறார். 28,000 ரூபாய்ப் பொருளுக்கு 5,040 ரூபாய். "வேணாம்ணே, அப்படியே குடுங்க" என்கிறார். மிச்சம் பிடித்த அந்த 5,040 ரூபாய்க்காக அவர் எதையெல்லாம் விட்டுக்கொடுத்தார் என்பது மெஷின் மக்கர் செய்யும் நாளில்தான் தெரியவரும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்குவதே தவறு என்று நான் சொல்லவில்லை. திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக் போன்றவை அலுவலகங்களுக்கென்றே தயாராகும் வரிசைகள். கம்பெனிகள் இவற்றைப் பெரும்பாலும் மூன்று, நான்கு ஆண்டு குத்தகைக்கு எடுத்து, காலம் முடிந்ததும் மொத்தமாகத் திருப்பித் தருகின்றன. 'லீஸ் ரிட்டர்ன்' என்று சந்தைக்கு வருவது அந்தச் சரக்குதான். கீபோர்டும் ஹிஞ்சும் உறுதியாக இருக்கும், உதிரி பாகம் கிடைக்கும், பல மாடல்களில் ரேமைக் கூட்டிக்கொள்ளலாம். டிடிபி சென்டர் நடத்துபவருக்கும், கணக்கு எழுதிக் கொடுப்பவருக்கும், கல்யாண ஆல்பம் வடிவமைப்பவருக்கும் அதே விலையில் கிடைக்கும் புது லேப்டாப்பைவிட இது நல்ல தேர்வாகவே இருக்கக்கூடும். ஆனால் எதைப் பார்த்து வாங்குவது, என்ன எழுதி வாங்குவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

"ஐ7 சார், டாப் மாடல்" என்ற பேச்சில்தான் முதல் ஏமாற்றம் தொடங்குகிறது. ஐ7 என்பதைவிட அதன் பின்னால் வரும் எண்தான் முக்கியம். 6600 என்றிருந்தால் ஆறாம் தலைமுறை, 8350 என்றிருந்தால் எட்டாம் தலைமுறை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட, இன்டெல் சிப்பாக இருந்தால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். ஆறாம் தலைமுறை ஐ7-ஐ விட எட்டாம் தலைமுறை ஐ5 உங்களுக்கு அதிக நாள் உழைக்கும். வாடிக்கையாளர்களின் பான் எண், வங்கி விவரம் எல்லாம் வைத்திருப்பவர் பாதுகாப்பு அப்டேட் வராத மெஷினில் வேலை செய்யக் கூடாது.

அதைவிட மோசமான சிக்கல் ஒன்று உண்டு. வாங்கிய லேப்டாப் சில மாதம் நன்றாக ஓடுகிறது. ஒருநாள் வேகம் குறைந்துவிட்டதென்று விண்டோஸைப் புதிதாகப் போடுகிறீர்கள். இன்டர்நெட் இணைப்புக் கொடுத்ததும் திரையில் நீங்கள் கேள்விப்பட்டிராத ஒரு கம்பெனியின் பெயர் வந்து நிற்கிறது. அந்தக் கம்பெனியின் இமெயிலும் பாஸ்வேர்டும் கேட்கிறது. பழைய உரிமையாளர் தன் பட்டியலிலிருந்து மெஷினை விடுவிக்காததால் வருவது இது. நேர்மையாக விற்ற சரக்கில் கவனக்குறைவால் இப்படி நேரலாம். அலுவலகத்திலிருந்து களவுபோன மெஷினாகவும் இருக்கலாம். அதனால் கடையிலேயே உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, மெஷினை ஒருமுறை முழுதாக ரீசெட் செய்து காட்டச் சொல்லுங்கள். பயாஸுக்குள் நுழைந்து பாஸ்வேர்டு கேட்கிறதா என்றும் பாருங்கள். முக்கால் மணி நேரம் ஆகும் என்று கடைக்காரர் முகம் சுளித்தாலும் காத்திருங்கள்.

களவுப் பொருள் என்றால் பணம் கொடுத்து வாங்கியதாலேயே அது உங்களுடையதாகிவிடாது. விற்றவருக்கு இல்லாத உரிமை பொதுவாக வாங்கியவருக்கும் வராது என்பதே 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் நிலை. போலீஸ் வழக்குச் சொத்தாகக் கைப்பற்றினால் கொடுக்கத்தான் வேண்டும். களவுப் பொருள் எனத் தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ நேர்மையின்றி வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவில் குற்றம். நல்ல எண்ணத்தில்தான் வாங்கினேன் என்று காட்ட உங்களிடம் இருக்கும் முதல் ஆதாரம் பில்.

பேட்டரிக்கு வாய்மொழி உறுதி போதாது. விண்டோஸே பேட்டரி ரிப்போர்ட் எடுத்துத் தரும். அதில் தயாரித்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது நிரம்பும் அளவும் அடுத்தடுத்து இருக்கும். 50,000 என்றிருந்தது 22,000 ஆகியிருந்தால் பாதிக்கு மேல் போய்விட்டது. புது பேட்டரியின் விலையைக் கழித்துப் பேசுங்கள். அடிப்பக்கத்து சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டுப் பார்த்தால் வாரண்டி எப்போது முடிகிறது, எந்த நாட்டுக்கு விற்கப்பட்டது என்பதைப் பெரும்பாலும் தெரிந்துகொள்ளலாம்.

இனி பில். 'லேப்டாப் 1, ரூ. 28,000' என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். மாடல், சீரியல் எண், ப்ராசஸர், ரேம், புதியதா பழையதா, வாரண்டி எத்தனை நாள், எதற்கெல்லாம் என்பது எழுத்தில் வர வேண்டும். பழைய பொருளில் குறை உண்டா இல்லையா என்பது விற்றவர் என்ன சொல்லி விற்றார் என்பதை ஒட்டியே முடிவாகும். அவர் சொன்னது எழுத்தில் இல்லையென்றால் நிரூபிப்பது பெரும்பாடு.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே முறையற்ற வணிக நடவடிக்கை. பழையதைப் புதிதென்று விற்பதும் அப்படியே. குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அந்தப் பட்டியலில் வருகிறது. 'விற்ற பொருள் வாபஸ் இல்லை' என்ற போர்டைக் காட்டி இந்த உரிமையை மறுக்க முடியாது. ஆனால் '7 நாள் டெஸ்டிங் வாரண்டி' என்று பில்லில் அச்சிட்டிருந்தால் அந்த 30 நாள் 7 ஆகச் சுருங்கும் வாய்ப்பு உண்டு. விலையில் 500 ரூபாய் குறைக்கச் சொல்வதற்குப் பதில் அந்த 7-ஐ 30 ஆக்கச் சொல்லிப் பேசிப் பாருங்கள்.

பதினெட்டு பர்சென்ட் கணக்குக்கும் பதில் உண்டு. நீங்கள் ஜிஎஸ்டி பதிவு செய்தவராக இருந்து, தொழிலுக்கே பயன்படுத்தினால், உங்கள் ஜிஎஸ்டி எண்ணோடு வாங்கிய பில்லில் உள்ள வரியைப் பொதுவாக உள்ளீட்டு வரிக் கழிவாக எடுத்துக்கொள்ளலாம். விற்பவர் தன் கணக்கில் அதைக் காட்டியிருக்க வேண்டும். பதிவு இல்லாதவர் கடைக்காரரிடம் கேட்க வேண்டியது வேறு: தான் கொள்முதல் செய்தபோது வரிக் கழிவு எடுக்காத பழைய பொருள் வியாபாரி, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் ஜிஎஸ்டி கட்டும் முறை இருக்கிறது. அந்த முறையில் விற்றால் முழு விலைக்கும் 18 சதவீதம் வராது. தொழிலுக்கான சொத்தை ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொடுத்து வாங்கினால் வருமான வரிக் கணக்கில் அந்தத் தொகைக்குத் தேய்மானம் கிடைக்காது என்பதையும் மறக்க வேண்டாம். யுபிஐயிலோ வங்கி வழியாகவோ கொடுங்கள். தகராறு வந்தால் அதுவும் ஆதாரம்.

தகராறு வந்தபின் எதிர்த்தரப்பு எடுக்கும் முதல் வாதம், "இவர் தொழிலுக்கு வாங்கினார், அதனால் நுகர்வோரே அல்ல" என்பதுதான். இதைக் கேட்டு மனம் தளர்ந்து வழக்கைக் கைவிடுபவர்கள் இருக்கிறார்கள். வணிக நோக்கத்துக்கு வாங்குபவர் நுகர்வோர் அல்ல என்பது உண்மை. ஆனால் சுயதொழில் மூலம் தன் பிழைப்புக்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துபவர் நுகர்வோர்தான் என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. கோவை பிஎஸ்ஜி இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் சம்பந்தப்பட்ட வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகச் சொன்னது. ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர். உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொள்வதால் அந்தத் தகுதி போய்விடாது. வாங்கியது வணிக நோக்கத்துக்கே என்று நிரூபிக்கும் பொறுப்பு, அப்படிச் சொல்லும் எதிர்த்தரப்புடையது என்று ஸ்ரீராம் சிட்ஸ் வழக்கில் 2024-ல் அதே நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆகவே புகார் மனுவில் 'என் பிழைப்புக்காக நானே பயன்படுத்த வாங்கினேன்' என்பதைத் தெளிவாக எழுதுங்கள். இருபது பேர் வேலை செய்யும் அலுவலகத்துக்கு இருபது லேப்டாப் வாங்கியவருக்கு இந்த வழி கிடைப்பது கடினம். அவர் சிவில் நீதிமன்றம் போக வேண்டியிருக்கும், அல்லது மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் வழக்குக்கு முந்தைய சமரசத்தை முயலலாம்.

நுகர்வோராக இருப்பவர் முதலில் கடைக்கு இமெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ குறையை எழுதி, போட்டோ, வீடியோவோடு அனுப்ப வேண்டும். போனில் மட்டும் சண்டை போட்டால் பதிவு இருக்காது. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆன்லைன் விற்பனைத் தளமென்றால் அதன் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டு விதி. அதன்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். கடை டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். சிக்கல் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். மூன்று முதல் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் இழுக்கிறது. பொறுமையோடு போக வேண்டியிருக்கும்.

பணம் வாங்கிக்கொண்டு பொருளே அனுப்பாத மோசடி இதிலிருந்து வேறு. பாதி விலைக்கு விளம்பரம், 'ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிப் போகிறேன்' என்ற பேச்சு, பொருளைப் பார்க்கும் முன் முன்பணம் கேட்பது, 'பணம் திருப்பி அனுப்ப இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க' என்பது, இவை எல்லாம் அதன் அடையாளங்கள். பணம் வாங்குவதற்கு ஸ்கேன் செய்யவோ பின் எண் போடவோ தேவையில்லை. சிக்கிவிட்டால் நுகர்வோர் ஆணையத்தை யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் புகார் பதிவானால்தான் வங்கியில் அதை நிறுத்திவைக்க முடியும்.